இடைவேளை அண்ணன் நடித்த இரண்டாம் பாகம்

இந்த நாட்டில் வெளியான அத்தனை இரண்டாம் பாகங்களுக்கும் ஒரே பொது எதிரி இருந்தார். போர்ட் கிள்ளானில் நான் கணக்கெழுதிய லோரி கம்பெனியில், எந்த லோரி எந்தக் கன்டெய்னரை எங்கே இழுத்துப் போக வேண்டும் என்று நாள் முழுக்க போனில் கத்திக்கொண்டிருந்தவர் அவர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி துறைமுகமே அவரை இடைவேளை என்றுதான் கூப்பிட்டது. மரியாதை தெரிந்த நாங்கள் கூடவே ஓர் அண்ணனைச் சேர்த்துக்கொண்டோம்.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் தியேட்டர்களில் படத்தை நிறுத்தி இடைவேளை விடும் பழக்கம் கிடையாது. திரையில் 'இடைவேளை' என்று எழுத்து வரும், அதுபாட்டுக்குப் போகும், நாம் கழிப்பறை ஆசையை அடக்கிக்கொண்டு மீதிப் பாதியைப் பார்ப்போம். அந்த எழுத்து நிற்கிற சில விநாடிகளை உருப்படியாகப் பயன்படுத்திய ஒரே மனிதர் அண்ணன்தான். பழைய நடிகர்கள் இல்லாமல் எடுத்த இரண்டாம் பாகமாக இருந்தால், எழுத்து வந்ததும் எழுந்து நிற்பார். கூட்டத்தின் பக்கம் திரும்பி, "பழைய ஆளு ஒருத்தரும் இல்ல. இனிமேலும் வரப்போறதில்ல. வீட்டுக்குப் போறவங்க என்கூட வரலாம்," என்று அறிவிப்பார். பிறகு பாப்கார்னைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிநடப்புச் செய்வார்.

சிலர் உண்மையிலேயே கூடப் போயிருக்கிறார்கள். கிள்ளான் பேரங்காடித் தியேட்டரில் ஒருமுறை ஒரு வரிசையே எழுந்து அவர் பின்னால் நடந்தது. அது ஒரே குடும்பம் என்பதும், எல்லாரும் கழிப்பறைக்குத்தான் போனார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அண்ணன் அதையும் தன் வெற்றியில் சேர்த்துக்கொண்டார்.

பிடிக்காது என்று தெரிந்தும் ஏன் முதல் நாளே போய் உட்காருகிறீர்கள் என்று கேட்டேன். யாராவது நேரில் பார்த்துவிட்டு வந்து சாட்சி சொல்ல வேண்டாமா என்றார். அவருடைய வாதம் சுருக்கமானது. தேய்ந்தால் கழற்றி மாட்டுவதற்குக் கதாநாயகன் என்ன லோரி டயரா? கதாநாயகன் வர முடியாவிட்டால் படத்தையே விட்டுவிடுங்கள். அவருக்கு ஒரு தம்பி இருந்தான், அந்தத் தம்பி இதுநாள்வரை வெளிநாட்டில் இருந்தான் என்று எங்களிடம் கதை விடாதீர்கள்.

இந்தக் கொள்கை சினிமாவோடு நின்றிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கம்பெனி வாசலில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்ற ஒட்டுக்கடை அக்கா, மகள் பிரசவத்துக்காக ஒரு மாதம் போய்விட்டார். அவருடைய தங்கை வந்து கடையைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் பொட்டலத்தைப் பிரித்தார், பாதிவரை சாப்பிட்டார், எழுந்து நின்றார். வரிசையில் நின்ற லோரிக்காரர்களைப் பார்த்து, சம்பல் இருக்கிறது, ஆனால் ஸ்டார் இல்லை என்றார். அந்தத் தங்கை, அக்கா திரும்பி வரும்வரை அண்ணனுக்கு மட்டும் முட்டை வைக்காமலே பொட்டலம் கட்டினார்.

பெரிய முதலாளி ஓய்வெடுத்துக்கொண்டு மகன் பொறுப்புக்கு வந்த நாளில் நாங்கள் எல்லாருமே நடுங்கினோம். மகன் சுவரில் படம் காட்டி, ஆங்கிலத்தில் நீளமாகப் பேசி, நடுவில் நிறுத்தி, யாருக்காவது கேள்வி உண்டா என்றார். அண்ணன் எழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பெரியவரு கெஸ்ட் ரோல்லயாவது வருவாரா பாஸ்?" என்று கேட்டார். நல்லவேளை, மகன் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு பெரியவர் வாரத்துக்கு ஒருநாள் வந்து, பத்திரிகை படித்து, எங்கள் எல்லாருடைய வேலையையும் கெடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் மெக்கானிக் ஒருவர் விவாகரத்துக்குப் பிறகு மறுமணம் செய்துகொண்டார். அண்ணனுக்குப் பத்திரிகை வைத்தபோது, மண்டபத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அண்ணனும் வாக்கைக் காப்பாற்றினார். பேசாமல் வந்தார், பேசாமல் சாப்பிட்டார். படம் எடுக்க மேடை ஏறும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மாப்பிள்ளையின் முகத்தில் பயத்தைப் பார்த்ததும் அவருக்கே மனசு கேட்கவில்லை போலும். தோளில் தட்டிக்கொடுத்து, "மொத பார்ட்டே சுமார்தான் தம்பி. இது நல்லா ஓடும்," என்றார். ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. முதலில் சிரித்தது புதுப்பெண்தான்.

இப்படிப்பட்டவருக்கும் சினிமாவில் ஒரு பழைய பாத்திரம் உண்டு. நாங்கள் லோரிப் படம் என்று சொல்லும் ஓர் உள்ளூர்ப் படம் சில வருடங்களுக்கு முன் கிள்ளானில் எடுக்கப்பட்டது. தயாரிப்பாளர், கல்யாணம் காரியங்களுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர். அந்தப் படத்தில் மருத்துவமனை, போலீஸ் நிலையம், நீதிமன்றம் எங்கும் ஒரே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கும். கதையில் லோரி ஓட்டும் கதாநாயகன், காதலி வேண்டாமென்று சொல்லிவிட, ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அழுவார். படம் ஓடியதே அந்த அழுகையால்தான். நம் துறைமுகத்தில், நம் டீக்கடையில், நாம் பேசுகிற மாதிரியே பேசி ஒருவன் திரையில் அழுததை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோரிக்காரர் தன் கைக்குட்டையை நனைத்துவிட்டு என்னுடையதையும் கேட்டார்.

அந்தக் காட்சியில் கதாநாயகனுக்குப் பின்னால் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். அவர்தான் அண்ணன். படப்பிடிப்புக்கு லோரி நிறுத்தும் இடத்தை முதலாளியிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்ததற்குக் கிடைத்த வெகுமதி அது. முகத்தில் பாதியை டீ கிளாஸ் மறைத்திருக்கும், மீதியைக் கதாநாயகனின் தோள் மறைத்திருக்கும். தெரிவதெல்லாம் ஒரு காது மட்டும்தான். அந்தக் காதை எங்களுக்கு அண்ணன் எத்தனையோ முறை படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டியிருக்கிறார்.

போன வருடம் பந்தல்காரர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். லோரிப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம். நாங்கள் எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம். பழைய கதாநாயகன் நடிக்க மறுத்துவிட்டார் என்றார் பந்தல்காரர். கதாநாயகி கல்யாணமாகி ஆஸ்திரேலியா போய்விட்டார். வில்லன் ஸ்ரீ கெம்பாங்கானில் மழலையர் பள்ளி நடத்துகிறார். மறுபடி கத்தியைத் தூக்கினால் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒதுங்கிக்கொண்டார். புதுக் கதாநாயகன் பந்தல்காரரின் தங்கை மகன். உடற்பயிற்சி செய்வதை வீடியோ எடுத்துப் போடுகிற பையன்.

அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து நிற்கப் போகிறார் என்று நாங்கள் தயாரானோம். அதற்குள் பந்தல்காரர் முந்திக்கொண்டார். "பழைய ஆளு ஒருத்தராச்சும் வேணும்னு டைரக்டர் சொல்றாருண்ணே. டீ குடிச்ச நீங்க இருக்கீங்கல்ல. இந்தத் தடவை முகம் முழுசா தெரியும். ஒரு வசனமும் உண்டு."

அண்ணன் மெல்ல உட்கார்ந்தார். "என்ன வசனம்?" என்றார்.

"அழாத தம்பி, டீ ஆறுது."

வாழ்நாள் கொள்கை ஒன்று இவ்வளவு சத்தமில்லாமல் சரிந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பழைய ஸ்டார் இல்லாத படமாயிற்றே அண்ணே என்று நான் நினைவூட்டினேன். "ஏன், நான் இருக்கேன்லா?" என்றார். சொல்லும்போது முகத்தில் சிரிப்புக்கூட இல்லை.

மறுநாளிலிருந்து ஒத்திகை ஆரம்பமானது. டோல் வாசலில் டயர் வெடித்து நின்ற லோரிக்காரர் போனில் புலம்பினால், மெக்கானிக்கை அனுப்புவதற்கு முன்னால் அண்ணன், "அழாத தம்பி, டீ ஆறுது," என்பார். சுங்க இலாகா ஆளுக்கும் அதே பதில். தம்பியில் அழுத்தம் கொடுத்து ஒருநாள், டீயில் அழுத்தம் கொடுத்து மறுநாள். எந்தக் காது படத்தில் தெரிந்ததோ அந்தக் காதுப் பக்கம் முடிக்குக் கறுப்புச் சாயம் கொஞ்சம் கூடுதலாகவே ஏறியது. வீட்டில் அண்ணி டீ போடுவதையே நிறுத்திவிட்டு கோப்பிக்கு மாறிவிட்டதாகக் கேள்வி.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு லோரிக்காரர் சாவியை வாங்க வந்த இடத்தில் சும்மா ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, ஒங்க படத்துல இடைவேளை வந்தா எந்திரிப்பீங்களா, மாட்டீங்களா?"

அண்ணன் சாவியை எடுத்து நீட்டினார். அன்றைக்கு ஒத்திகையும் இல்லை. மறுநாளும் இல்லை. போனில் புலம்பியவர்களுக்கெல்லாம் உடனே மெக்கானிக் கிடைத்தார். வாரக் கடைசியில் அண்ணன் என் மேசைக்கு வந்து நின்றார்.

"சனிக்கிழமை காடி சும்மாதான் இருக்கா தங்கச்சி? தெலுக் பங்லிமா காராங் வரைக்கும் போவணும். நம்ம பழைய ஹீரோ அங்கதான் ஃபேக்டரில வேலை செய்யிறாராம். ஏன் வேணாம்னாருன்னு அவரு வாயால கேக்கணும். கேக்காம அந்த டீய என்னால குடிக்க முடியாது."

என் காரில் போனோம். தொழிற்சாலை வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா உள்ளே போன் போட்டார். பாதுகாப்புத் தொப்பியும் மஞ்சள் சட்டையும் போட்ட ஒருவர் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றியதும் வெயிலில் தலை பளபளத்தது. அண்ணன் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, ஹீரோ எப்போது வருவார் பாஸ் என்று அவரிடமே கேட்டார். நான் காலை மிதித்தும் அவருக்குப் புரியவில்லை. வந்தவர் வாயைத் திறந்து, "என்னண்ணே விஷயம்?" என்ற பிறகுதான் குரலை வைத்து அண்ணன் ஆளைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

எதிர்ப்புறக் கடையில் உட்கார்ந்தோம். அண்ணன் லோரிப் படத்தை முதல் காட்சியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ஹீரோ கூச்சத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில், நீங்கள் எந்தக் காட்சியில் வருவீர்கள் அண்ணே என்று மரியாதையாகக் கேட்டார். அண்ணன் முகம் ஒரு கணம் விழுந்தது.

"ஒங்க முதுகுக்குப் பின்னால," என்றார். அப்புறம் வந்த விஷயத்துக்கு வந்தார். "ஏன் தம்பி வேணாம்னுட்டீங்க?"

ஹீரோ தொப்பியை மேசைமேல் வைத்தார். அதை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"என்னைய யாரும் கேக்கவே இல்லண்ணே. பேஸ்புக்லதான் பார்த்தேன். இன்னிக்கு கூப்புடுவாங்க, நாளைக்கு கூப்புடுவாங்கன்னு இருந்தேன். வீட்ல பிள்ளைங்க கேட்டாங்க. கேட்டாங்க, நான்தான் வேணாம்னுட்டேன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது?"

 பந்தல்காரர்மேல் வந்த கோபத்தில் என் அக்காள் மகள் கல்யாணத்துக்குப் பேசியிருந்த பந்தலை அங்கேயே மனதுக்குள் ரத்து செய்தேன்.  படம் நன்றாக வரட்டும் என்று ஹீரோதான் எங்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தார்.  திரும்பும் வழியில் கிள்ளான் பாலத்தின்மேல் வந்ததும் அண்ணன், "அவரு அழுதாரு, நான் டீ குடிச்சேன். நானும் பழைய ஸ்டாராம்," என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

படப்பிடிப்பு பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்தது. போர்ட் கிள்ளான் டீக்கடையைப் பிரிக்ஃபீல்ட்ஸ் சந்து ஒன்றில் பந்தல் போட்டு உருவாக்கியிருந்தார்கள். எனக்கு மாதக் கடைசிக் கணக்கு இருந்ததால் கூடப் போக முடியவில்லை. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு ரயிலேறிப் போனார். மறுநாள் வேலைக்கு வந்தவரைச் சூழ்ந்துகொண்டு எப்படி வந்தது என்று கேட்டோம். "நல்லா வந்துச்சி," என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய நடிகர்கள் இப்படித்தான் அடக்கமாக இருப்பார்கள் என்று லோரிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

படம் வெளியான அன்று கம்பெனியே திரண்டு கிள்ளான் தியேட்டருக்குப் போனது. படத்தைப் பற்றி என்ன சொல்ல? தங்கை மகன் சட்டை போட்டுக்கொண்டு வந்த காட்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பழைய கதாநாயகனின் தம்பியாம், இதுநாள்வரை வெளிநாட்டில் இருந்தானாம். சிவப்பு நாற்காலிகள் மட்டும் மாறாமல் வந்தன. இடைவேளை எழுத்து வந்தது. தியேட்டரில் பாதித் தலைகள் எங்கள் வரிசைப் பக்கம் திரும்பின. அண்ணன் அசையவில்லை. இரண்டு கையாலும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் யாரோ ஏமாற்றத்தோடு உச்சுக்கொட்டினார்கள்.

கடைசியில் டீக்கடைக் காட்சி வந்தது. லோரிக்காரர்கள் எல்லாரும் படம் பிடிக்கக் கைப்பேசியைத் தூக்கினார்கள். தங்கை மகன் மேசையில் கவிழ்ந்து அழுதான். தோள் மட்டும்தான் குலுங்கியது, கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவனுக்குப் பின்னால் ஒருவர் முகத்தை மறைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வரிசையில் விசில் கிளம்பியது. டீ கிளாஸ் மெதுவாகக் கீழே இறங்கியது.

அண்ணன் இல்லை. வழுக்கைத் தலையோடு வேறொருவர் உட்கார்ந்திருந்தார். "யாருலா இது, நம்ம அண்ணே எங்க?" என்று ஒரு லோரிக்காரர் சத்தமாகவே கேட்டுவிட்டார். திரையில் இருந்தவர் அழுகிற பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தானும் ஒரு காலத்தில் அங்கே உட்கார்ந்து அழுதவர் பார்க்கிற பார்வை அது.

"அழாத தம்பி," என்றார். "டீ ஆறுது."

அந்தக் குரலைக் கிள்ளான் மறந்திருக்கவில்லை.  தியேட்டர் கூரை பறந்துவிடும்போல ஒரு கைதட்டல். ஆட்கள் நாற்காலிமேல் ஏறி நின்று ஆர்ப்பரித்தார்கள். முன்வரிசையில் இருந்த தங்கை மகன் தனக்குத்தான் என்று நினைத்து எழுந்து கையசைத்தான். அடுத்த மூன்று காட்சியின் வசனம் யாருக்கும் கேட்கவில்லை. அதனால் படத்துக்கு நன்மைதான். இரண்டு வரிசைக்கு முன்னால் ஹீரோ குடும்பத்தோடு உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவருடைய மனைவி திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இரண்டும் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கின.

வெளியே வந்தால், பந்தல்காரர் எல்லாரிடமும் கைகுலுக்கி, ரகசியமாக வைத்திருந்தோம், எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கே திரையில் பார்த்துதான் விஷயம் தெரியும். படப்பிடிப்பு அன்று சாலையில் பந்தல் போட்டதற்காக நகராண்மை அதிகாரிகளிடம் மாட்டிக்கொண்டு, அவர் சந்து முனையைத் தாண்டவே இல்லையாம். இயக்குநர் சின்னப் பையன், பழைய படத்தைக் கைப்பேசியில் பாதியைத் தள்ளிவிட்டு அவசரமாகப் பார்த்தவன். அண்ணன் ஹீரோவின் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், பழைய படத்தில் டீ குடித்த ஆள் இவர்தான் என்று சொல்லி உட்காரவைத்திருக்கிறார். ஒரு காதை வைத்து யாரை அடையாளம் பிடிப்பது? அங்கிள், கேமராவைப் பார்க்காதீங்க, நடிப்பு கஷ்டமில்ல, பயப்படாதீங்க என்று அவரிடமே பாடம் எடுத்திருக்கிறான். ஹீரோவும் சரி தம்பி, சரி தம்பி என்று தலையாட்டியிருக்கிறார்.

இதையெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அண்ணன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை நாள் ஒத்திகை பார்த்த மனிதர்!

"அது ஒங்க வசனம்லாண்ணே," என்றேன்.

"அவரு சொன்னாதான் எடுபடும் தங்கச்சி. நான் சொல்லியிருந்தா டீ ஆறியிருக்கும், அவ்ளோதான்."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். சாயம் போட்ட அந்தக் காதுப் பக்கம் தெரு விளக்கில் பளிச்சென்று தெரிந்தது. பழைய ஸ்டாரோடு வந்த இரண்டாம் பாகம் என்று கிள்ளான் இன்றைக்கும் அந்தப் படத்தைக் கொண்டாடுகிறது. எனக்கு மட்டும் அது பெரிய ஏமாற்றம். நான் யாரைப் பார்க்கப் போனேனோ அவர் அதில் இல்லை.